அடி தெரியாத தண்ணீர்

“ஹார்ட்டு” என்று அப்பா மறுபடியும் சொன்னபோது இளமதி அம்மாவின் நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள். விரல் அப்படியே நின்றது.

“தண்ணிக்குள்ளயே வந்துருச்சு. ஒரு சத்தம் இல்ல, ஒரு துடிப்பு இல்ல. பூ மாதிரி போயிட்டா,” என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் அவரோடு வேலை பார்த்த பழைய நண்பர். அவர் உச்சுக் கொட்டிவிட்டு, “குடுத்து வச்சவங்க லா,” என்றார்.

இளமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூ மாதிரியாம். அம்மாவின் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று நேற்று பிணவறை டாக்டர் சொன்னபோது அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார். நுரையீரல் நிறையத் தண்ணீர், மூழ்கித்தான் இறந்திருக்கிறார், நன்றாக நீந்துகிறவர்களுக்கும் காலில் பிடிப்பு வந்தால் இப்படி ஆகலாம் என்று டாக்டர் நிதானமாக, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வாசலைத் தாண்டியதும் அது ஹார்ட் அட்டாக் ஆகிவிட்டது. காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லோருக்கும் அதே ஹார்ட் அட்டாக், அதே பூ.

பொத்தோங் பாசிரில் ரஞ்சன் மாமா வீட்டு அடுக்குமாடி பிளாக்கின் கீழே, சுவரில்லாத தரைத்தளமான வாய்ட் டெக்கில்தான் பெட்டியை வைத்திருந்தார்கள். மாமா அம்மாவின் ஒரே தம்பி. அப்பாவும் அம்மாவும் குடியிருந்த தனியார் அடுக்குமாடிக் கொண்டோவுக்குள் இறந்தவர்களைக் கொண்டுவரக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அந்த விதியைப் போட்ட கமிட்டிக்கு அப்பா ஞானசேகரன்தான் சேர்மன். சொந்தப் பெண்டாட்டி பெட்டியில் வந்தபோதும் அவர் அதை மீறவில்லை. சட்டம் சட்டம்தான் என்று மாமாவிடம் ஃபோனில் சொன்னாராம். மாமா அதைப் பெருமையாக வேறு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இளமதி சந்தனத்தை வைத்து முடித்தாள். பஃபலோ ரோட்டுப் பூக்கடையிலிருந்து வந்த மாலைகளை ஒதுக்கி அம்மாவின் கையை ஒருமுறை தொட்டாள். விரல் நுனிகளில் தண்ணீரில் ஊறிய சுருக்கம் இன்னும் இருப்பதுபோல் தோன்றியது. இல்லை, அது வெறும் நினைப்புதான்.

அம்மாவுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். பொது நீச்சல்குளத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது இளமதியின் வேலை. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு நாள் அம்மா வெட்கத்தோடு, “எனக்கும் வருமா டி?” என்று கேட்டாள். வந்தது. நன்றாகவே வந்தது. அதன் பிறகு லோகாம்பாள் என்ற அந்தப் பெண்மணியைக் காலையில் கொண்டோ குளத்தில்தான் பார்க்க முடியும். முழங்கால்வரை வரும் நீல நீச்சல் உடையும் ரப்பர் தொப்பியுமாக, அவசரமே இல்லாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வருவாள். ஓரத்து நாற்காலியில் அப்பா பேப்பர் படிப்பார். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது.

குளித்து வந்தால் அம்மாவின் கண் சிவந்துவிடும். குளோரின். அப்பாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. வருடாந்தரக் கூட்டத்தில் எழுந்து நின்று சண்டை போட்டு, முகம் சுளித்தவர்களையெல்லாம் பேசிப் பேசி மடக்கி, குளத்தை உப்புத் தண்ணீர்க் குளமாக மாற்ற வைத்தார். “கெமிக்கலே கிடையாது. கடல் மாதிரி, நேச்சுரல்,” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். எல்லாம் அம்மாவுக்காக. அதில் அவருடைய அன்பு இருந்தது என்பதுதான் இளமதிக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

உப்புக் குளம் என்றால் குளோரின் இல்லாத குளம் என்று அவர் நினைத்துவிட்டார். உப்பு மட்டும் போட்டு எந்தக் குளமும் சுத்தமாகிவிடாது. பம்ப் அறையில் இருக்கும் இயந்திரம் உப்புத் தண்ணீருக்குள் மின்சாரத்தை விட்டு, அந்த உப்பிலிருந்தே குளோரினை எடுக்கிறது. அப்படி எடுக்க எடுக்கத் தண்ணீரில் காரம் ஏறிக்கொண்டே போகும். காரம் ஏறிவிட்டால் குளோரின் இருந்தும் பல் பிடுங்கின பாம்புதான். அதனால் அவ்வப்போது அளவாக ஆசிட் ஊற்றிக் காரத்தை இறக்க வேண்டும். கான்ட்ராக்டர் அப்துல் கஃபார் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் அப்பா அந்த ஆசிட் கலனையும் அதன் மேல் இருந்த மண்டையோட்டுப் படத்தையும் பார்த்துவிட்டார்.

“என் வைஃப் நீந்தற தண்ணியில ஆசிட்டா?” என்று கத்தினாராம். அன்றோடு ஆசிட் நின்றது. குளோரின் வாசனை அடிக்கிறது என்று சொல்லி இயந்திரத்தையும் பாதியாகக் குறைக்கச் சொன்னார். அழுக்கோடு கலந்த குளோரின்தான் நாறும், வாசனை அடித்தால் குளோரின் போதவில்லை என்று அர்த்தம் என இளமதி தலையால் அடித்துக்கொண்டாள். சேர்மனுக்கு யார் சொல்வது ஏறும்?

முதலில் படிக்கட்டின் கல்லிடுக்குகளில் பச்சை தட்டியது. பிறகு சுவர் வழுக்கியது. பிறகு தண்ணீரே அரிசி கழுவிய தண்ணீராக வெளுத்துப்போனது. போன ஞாயிற்றுக்கிழமை இளமதி வந்தபோது குளத்தின் ஆழமான பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். அடியில் இருக்கும் வடிகால் மூடி கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் வேலை பார்க்கும் இடத்தில் அந்த மூடி தெரியவில்லை என்றால் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

“மூடுங்கப்பா குளத்த. இன்னைக்கே மூடுங்க.”

“புது சிஸ்டம் மா. செட் ஆக டைம் எடுக்கும்.”

“அடி தெரியல. யாராச்சும் உள்ள போனா மேல இருக்கறவங்களுக்குத் தெரியாது.”

“உங்க பப்ளிக் பூல்ல சின்னப் பசங்க. இங்க வர்றது உங்கம்மா ஒருத்திதான். அவ என்ன குழந்தையா?”

அம்மாவைத் தனியாகச் சமையலறைக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள். இறங்காதே, தண்ணீர் தெளிகிறவரைக்கும் இறங்காதே என்று. அம்மா மிளகாயைக் கிள்ளியபடி சிரித்தாள். “அவர் எனக்காகப் போட்ட குளம் டி. நான் இறங்கலன்னா மூஞ்சிய ஒரு முழத்துக்குத் தூக்கி வச்சுக்குவாரு. அத யாரு பாக்கறது?”

இப்போது அவர் முகம் நன்றாகத்தான் இருக்கிறது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு பந்தலின் முன்னால் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருக்கிறார். இதோ, கமிட்டிச் செயலாளர் மிஸ்டர் லிம் வந்துவிட்டார். இரண்டு பேரும் தூணோரமாக ஒதுங்கினார்கள். இளமதி வேண்டுமென்றே பெட்டியைச் சுற்றிவந்து, தூணுக்கு இந்தப் பக்கம் குத்துவிளக்கின் திரியைத் தூண்டுகிற பாவனையில் குனிந்தாள்.

மிஸ்டர் லிம் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் பேசினார். ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றார். நாளைக்குப் போலீஸ் அதிகாரி கமிட்டியிடம் பேச வருகிறார் என்றார். தண்ணீரைச் சரியாகப் பார்த்துக்கொள்வது கான்ட்ராக்டரின் பொறுப்புதானே, அவன் ஒழுங்காகச் செய்யவில்லை என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை, சேர்மனுக்கும் இந்த நேரத்தில் மேற்கொண்டு தொந்தரவு வேண்டாம் என்றார்.

அப்பா தலையாட்டினார். பிணவறையில் டாக்டருக்கு ஆட்டிய அதே தலை.

திரி எண்ணெய்க்குள் அமுங்கி விளக்கு அணைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ரஞ்சன் மாமா பதறி ஓடிவந்து மறுபடியும் ஏற்றினார். “பாத்து மா, பாத்து. இந்த நேரத்துல வெளக்கு அணையக் கூடாது,” என்றார். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று இளமதிக்கே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அப்துல் கஃபார் வந்தார். வெள்ளை வேனைக் கார் பார்க்கின் கடைசியில் நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார். வேலைச் சட்டையில் இல்லை, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். உள்ளே வரலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது. அப்பா பார்த்துவிட்டார். ரஞ்சன் மாமாவைக் கூப்பிட்டு, “அந்த ஆள இங்க வர வேணாம்னு சொல்லு. பிரச்சின ஆயிடும்,” என்றார்.

“மாமா, நீங்க இருங்க,” என்று சொல்லிவிட்டு இளமதி தானே போனாள். வெயில் சுள்ளென்று அடித்தது. செருப்புக்கூடப் போடவில்லை. தார் உள்ளங்காலைச் சுட்டது. சுடட்டும் என்று நடந்தாள்.

கஃபார் அவளைப் பார்த்ததும், “அக்கா மொகத்த ஒருக்கா பாத்துட்டு போயிடறேன் மா. இல்ல வேணாம்னா இப்படியே போயிடறேன்,” என்றார். அறுபது வயதுக்காரர். கண் ஓரமெல்லாம் சிவந்திருந்தது.

“உங்கள போலீஸ் கூப்பிட்டாங்களா அங்கிள்?”

“காலையில பேசினாங்க. நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க.”

“என்ன சொல்லப் போறீங்க?”

கஃபார் வேன் கதவின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். “என்ன மா சொல்றது? சேர்மன் வேணாம்னாரு, நான் நிறுத்திட்டேன். அத நான் சொன்னா, செத்த வீட்டு மனுஷன் மேல பழி போடறான்னு ஆயிடும். அவரே சொன்னாத்தான் உண்டு.” பந்தலைப் பார்த்துவிட்டு, “அவர் சொல்வாரா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல முடியாதது இளமதிக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. யாரோ ஒருவரைப் பற்றியா கேட்கிறார், அவளுடைய அப்பாவைப் பற்றி அல்லவா கேட்கிறார். “இங்கயே நில்லுங்க அங்கிள். போயிடாதீங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அப்பாவின் முழங்கையைப் பிடித்து, வந்தவர்கள் பார்க்கப் பார்க்க, லிஃப்ட் பக்கம் தபால் பெட்டிகள் இருக்கும் மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“லிம்கிட்ட எதுக்குப்பா தலையாட்டுனீங்க?”

“இப்பவா இதப் பேசணும்?”

“இப்பதான் பேசணும். அம்மாவ தூக்கறதுக்குள்ள பேசணும்.”

“மெதுவா பேசு மதி. ஆளுங்க இருக்காங்க.”

“இருக்கட்டும். ஆசிட்ட நிறுத்தச் சொன்னது யாரு? கஃபார் அங்கிளா?”

அப்பா தபால் பெட்டிகளின் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். “அவருக்கு வேற கொண்டோ கெடைக்கும். நான் அதே எடத்துல இருந்தாவணும். தெனமும் லிஃப்ட்ல அந்த மூஞ்சிங்கள பாத்தாவணும்.”

“ஒரு சாவ தலையில கட்டி அனுப்பினா அவருக்கு யாரு வேல குடுப்பா? அவரு வீட்ல ஆளு இல்லையா? அவருக்கு லிஃப்ட் இல்லையா?”

“அவ கண்ணுக்காகத்தான் மதி நான்…”

“கண்ணுன்னு சொல்லாதீங்க!” அவள் போட்ட சத்தத்தில் நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைக் குறைக்கவில்லை. “அந்தத் தண்ணில அம்மாவுக்குக் கண்ணு இன்னும் மோசமாத்தான் எரிஞ்சுச்சு. ராத்திரி சொட்டு மருந்து விட்டுக்கிட்டு படுத்தாங்க. உங்ககிட்ட சொல்லல, அவ்ளோதான். சொன்னா உங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லல. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் அந்தக் கழுவு தண்ணிக்குள்ள இறங்குனாங்க!”

அப்பாவுக்கு அது தெரியாது. தெரியாது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. இளமதிக்கு அதைப் பார்த்தும் இரக்கம் வரவில்லை. தெரிந்துகொள்ள ஒருநாளும் முயற்சி செய்யாத மனுஷனுக்கு என்ன தெரியும் என்றுதான் தோன்றியது.

“நீங்க வீட்ல இருந்தேன்னு சொன்னீங்க. வழக்கம்போல கீழ உக்காந்திருந்தாலாவது யாரையாச்சும் கூப்பிட்டிருக்கலாம். அன்னைக்குன்னு பாத்து வீட்ல என்ன வேல உங்களுக்கு?”

லிஃப்ட் வந்தது. ஒரு சீன அம்மாள் காய்கறிப் பையோடு இறங்கி, இவர்களைப் பார்த்து ஒதுங்கிப் போனாள். கதவு மூடிக்கொண்டது.

“நான் வீட்ல இல்ல மதி,” என்றார்.

அவள் பார்த்தாள்.

“கீழதான் இருந்தேன். நாற்காலியில. பேப்பர் படிச்சிட்டு இருந்தேன். தலைய நிமித்தினா அவளக் காணோம். எந்திரிச்சுப் போய் ஓரத்துல நின்னு பாத்தேன். ஆழமான பக்கம்தான் பாத்தேன். அங்கதான் இருந்திருக்கா.” அவர் கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வெள்ளையா இருந்துச்சு. ஒண்ணுமே தெரியல. சரி, குளிக்க மேல போயிட்டா போலன்னு நெனச்சேன். பேப்பர மடிச்சேன். அவ துண்டு நாற்காலியில கெடந்துச்சு. மறந்துட்டுப் போயிட்டாளேன்னு அதையும் எடுத்துக்கிட்டு மேல போனேன்.”

இளமதி தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“கதவ திறந்தா வீட்ல யாரும் இல்ல. லோகா லோகான்னு கூப்பிட்டேன். பாத்ரூம தட்டினேன். அப்புறம்தான் செக்யூரிட்டிகிட்ட ஓடினேன். அவன் இலை அள்ற கம்ப விட்டுத் துழாவினான்…”

தண்ணீரில் மூழ்கிய பிள்ளைகளை இளமதி இழுத்துப் போட்டிருக்கிறாள். உடனே எடுத்துவிட்டால் இருமி, வாந்தி எடுத்து, அழுதுகொண்டே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்பா ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்த அந்த நேரத்தில் அம்மாவை எடுத்திருக்கலாம். அவர் துண்டை எடுத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குக் காத்திருந்த நேரத்திலும்கூட எடுத்திருக்கலாம். அவள் கை ஒரு முறை அவர் தோளை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது. அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது, பிடித்துத் தள்ள வேண்டும்போலவும் இருந்தது. கையை இறக்கிக்கொண்டாள்.

“இத போலீஸ்கிட்ட சொன்னீங்களா?”

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

“கஃபார் அங்கிள் வேன்கிட்ட நிக்கிறாரு. மொதல்ல அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க. நாளைக்கு போலீஸ்கிட்ட சொல்லுங்க. சொல்லாம நீங்க அம்மாவ தொடக் கூடாது.”

“நான் அவ புருஷன் மதி.”

“தெரியும்.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவர் வெள்ளைச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, கூட்டத்துக்குக் கிளம்புகிறவர்போல நடந்தார். நாற்காலிகளைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, வெயிலுக்குள் போனார். ஓரத்தில் பூத்தட்டோடு நின்ற பெண்கள் வழிவிட்டார்கள்.

சடங்கு செய்ய வந்திருந்த பண்டாரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மண்டாய் தகனச்சாலையில் கொடுத்திருக்கும் நேரம் நெருங்கிவிட்டது, வாய்க்கரிசி போடுகிறவர்கள் சீக்கிரம் போடலாம் என்று குரல் கொடுத்தார். பெண்கள் வரிசையாக வந்து அரிசியைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே நகர்ந்தார்கள். இளமதி கார் பார்க்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு தூரத்துக்குப் பேச்சு கேட்கவில்லை. அப்பா பேசினார். கஃபார் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு எதையோ திருப்பிக் கேட்டார். அப்பா பதில் சொன்னதும் கஃபார் முகத்தை வேன் பக்கம் திருப்பிக்கொண்டார். கை கொடுத்துக்கொள்ளவில்லை. மிஸ்டர் லிம் அவசர அவசரமாக அங்கே போய் அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார்.

அப்போதுதான் அப்பாவின் குரல் கேட்டது. வருடாந்தரக் கூட்டங்களில் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை போகும் அந்தக் குரல்.

“நோ, மிஸ்டர் லிம்! ஐ ஸ்டாப்ட் த ஆசிட். நாட் ஹிம். மீ!”

பந்தலில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். சாங்கி நண்பர் பாதி குடித்த பாக்கெட் பானத்தைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டார். யாருக்கும் எதுவும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

“கொள்ளி வைக்கிறது யாரு? வீட்டுக்காரர்தானே? குடம் எடுக்கணும், வரச் சொல்லுங்க,” என்றார் பண்டாரம். தண்ணீர் நிரப்பிய மண்குடம் தரையில் தயாராக இருந்தது.

“அத்தான்! நேரமாச்சு, வாங்க!” என்று ரஞ்சன் மாமா கார் பார்க்கைப் பார்த்துக் கத்தினார். அப்பா அங்கேயே நின்றார். வெயிலில் அவர் கால் நகரவில்லை.

இளமதி சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து குடத்தைத் தூக்கினாள். கனத்தது. இடது தோளில் ஏற்றி வைத்தாள்.

“மதி, அப்பா வந்துருவாரு, இரு…” என்றார் மாமா.

“நான் எடுக்கறேன் மாமா.”

பண்டாரம் மாமாவைப் பார்த்தார். மாமா எங்கேயோ பார்த்தார். பண்டாரம் கத்தியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் வந்து நின்றார்.

முதல் சுற்றில் குடத்தில் ஒரு துளை போட்டார். தண்ணீர் அவள் முதுகில் இறங்கியது. அம்மாவின் தலைமாட்டைச் சுற்றி வரும்போது, அப்பா கார் பார்க்கிலிருந்து ஏறக்குறைய ஓடி வருவது தெரிந்தது. இரண்டாவது சுற்றில் அவர் அவள் பக்கத்தில் வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. குடத்தை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. நிற்கவுமில்லை. பண்டாரம் அடுத்த துளையைப் போட்டார். அப்பா கைகளை இறக்கிக்கொண்டு, அவள் முதுகிலிருந்து தரையில் ஓடிய தண்ணீரை மிதித்தபடி, பின்னாலேயே நடந்து வந்தார்.